‘நான் ஒரு விமானியானால்’: ஒரு கட்டுரைத் தலைப்பும் ஒரு முறைப்பாடும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரமிருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பாதி வாசித்துவிட்டுச் சண்டைக்கு வரவேண்டாம். முழுக்க வாசித்துவிட்டு வாருங்கள்.

விஷயம் இதுதான். போன மாதம் எட்டாந் தரப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்தில் ஒரு கட்டுரை கொடுத்தேன். தலைப்பு, ‘நான் ஒரு விமானியானால்’. நாங்கள் படித்த காலத்திலிருந்தே இருக்கிற தலைப்புத்தான். ‘நான் ஒரு பறவையானால்’, ‘ஒரு பழைய குடையின் சுயசரிதை’ என்ற வரிசையில் வருவது. இரண்டு பக்கப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற வகுப்பு. பெரும்பாலான கொப்பிகளில் எதிர்பார்த்ததே இருந்தது. கனடாவில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் போவேன், உம்மாவை மக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன், விமானத்தின் ஜன்னலால் நயினாதீவைப் பார்ப்பேன்.

ஒரு பையன் மட்டும் யாரையும் எங்கேயும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. அவன் எழுதியதன் சாரம் இது: முதலில் விமானப்படையில் சேர்ந்து பெரிய அதிகாரியாக வருவேன். பிறகு அதை விட்டுவிட்டு, முற்றவெளியில் பார்த்ததுபோல வானத்தில் வித்தை மட்டும் காட்டுகிற விமானியாக மாறிவிடுவேன். அப்போது என்னுடைய விமானச் சத்தம் கேட்டு ஒருவரும் ஓடமாட்டார்கள். எங்கள் அம்மம்மாவும் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்.

கட்டுரை முழுக்க ‘விமாணி’ என்று எழுதியிருந்தான். பதினொரு இடத்தில் சிவப்பு மையால் திருத்தினேன். ஆனால் அந்த அம்மம்மா வரி வந்ததும் பேனையை வைத்துவிட்டேன்.

கொப்பி வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள் பையனின் தாயார் பாடசாலைக்கு வந்தார். கோபமாக வரவில்லை. “சேர், பிள்ளையளுக்கு எழுதக் குடுக்க வேற தலைப்பு இல்லையோ? எங்கட அம்மா இப்பவும் பிளேன் சத்தம் கேட்டா கட்டிலுக்குக் கீழ போறவ. இவன் என்னெண்டா எயார்ஃபோஸில சேரப்போறன் எண்டு நிக்கிறான்” என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன், பிள்ளையை ஏசவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஆசிரியர் ஓய்வறையில் இரண்டு கருத்து. மூத்த ஆசிரியர் ஒருவர், “தலைப்பை விட்டிடுங்கோ சேர், எங்களுக்கேன் வீண் பிரச்சினை” என்றார். அண்மையில் நியமனம் பெற்று வந்த தம்பி ஒருவர், “இதெல்லாம் முடிஞ்ச கதை நானா, பிள்ளைகள் முன்னேறட்டும்” என்றார். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள். இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தாய்க்குச் சொல்லவேண்டிய பதிலையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவருடைய வீட்டில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலில் முற்றவெளி. 2024 மார்ச்சில் இலங்கை விமானப்படை தனது 73ஆவது ஆண்டு நிறைவையொட்டி அங்கே கண்காட்சி வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் போனார்கள். நானும் வகுப்புப் பிள்ளைகளோடு போனேன். பக்கத்தில் நின்று ஹெலியைத் தொட்டுப் பார்த்தார்கள், விமானி உட்காரும் இடத்தைப் பார்த்தார்கள், தலைக்கு மேலால் விமானம் போனபோது கை தட்டினார்கள். விமானப்படை வடக்கில் பாடசாலைகளைத் திருத்திக் கொடுத்தது, புத்தகங்கள் கொடுத்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு இல்லையென்று சொல்லக்கூடாது. நன்றி.

ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் கவனித்தேன். விமானம் தாழப் பறந்துவந்த நேரம் பிள்ளைகள் எல்லாரும் மேலே பார்த்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஐஸ்கிரீம் வான்காரர் தோளை ஒருக்கால் குறுக்கிவிட்டு, பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். நானும் அதையே செய்திருந்தேன்.

ஏனென்றால் அந்த இடம் அப்படி. முற்றவெளிக்குப் பக்கத்தில் கோட்டை. 1990 ஜூன் மாதம் தொடங்கி செப்ரெம்பர் வரை அந்தக் கோட்டைக்குள் இராணுவம், வெளியே இயக்கம். கோட்டையைக் காப்பாற்ற வந்த விமானங்கள் சுற்றுப்புறமெல்லாம் குண்டு போட்டன. எங்கள் சோனகத் தெருவிலிருந்து கோட்டை எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் பூட்டு. நாங்கள் படித்த ஒரே பாடம் சத்தம். இது ஹெலி, இது சியாமாசெட்டி, இது அவ்ரோ என்று சத்தத்தை வைத்தே சொல்லுவோம். மெதுவாக, உயரத்தில், கரகரத்துக்கொண்டு வந்து பீப்பாய்க் குண்டைத் தள்ளிவிடுகிறதுக்கு ஊரில் ‘சகடை’ என்று பெயர். எங்கள் மூத்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் சகடைச் சத்தம் மட்டும் எங்கள் எல்லாருக்கும் முதல் அவருக்குக் கேட்கும்.

எங்களுக்குப் பிறகு இங்கே இருந்தவர்கள் பட்டது அதைவிடக் கூட. 1995 ஜூலை 9, நவாலி புனித பேதுருவானவர் தேவாலயம். இடம்பெயர்ந்து வந்து ஒதுங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சனம் செத்தது. அதே வருடம் செப்ரெம்பர் 22, நாகர்கோவில் மகா வித்தியாலயம். பள்ளிக்கூடப் பிள்ளைகள். இவற்றைத் தெரியாத ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் இருக்கமாட்டார். ஆனால் எங்கள் எட்டாந் தரப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள்.

ஆகவே அந்த அம்மம்மா கட்டிலுக்குக் கீழே போவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆச்சரியம் பேரன்தான். அம்மம்மாவின் பயத்தைத் தானே பறந்து தீர்க்கலாம் என்று நினைக்கிறான். பயத்துக்குக் காரணமான அதே இயந்திரத்தில் ஏறி.

அவன் கற்பனை செய்த வாழ்க்கை உலகத்தில் உண்மையாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்ட் என்று ஒரு பழைய விமானத்தளம். இப்போது போர் நூதனசாலை. வருடந்தோறும் அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுவார்கள். கிளிஃப் ஸ்பிங்க் என்பவர் பிரித்தானிய விமானப்படையில் ஏர் மார்ஷல் தரம்வரை போனவர். போர்விமானப் பிரிவுகளுக்குத் தலைமை தாங்கியவர். அவர் அந்தப் பழைய ஸ்பிட்ஃபயர்களை ஓட்டிக் காட்டுவதில் பெயர் பெற்றவர். அவருக்கு முந்திய தலைமுறையில் ரே ஹன்னா. நியூசிலாந்துக்காரர். 1960களின் பிற்பகுதியில் பிரித்தானிய விமானப்படையின் ‘ரெட் அரோஸ்’ வித்தைக் குழுவின் தலைவராக இருந்து, பிறகு பழைய போர்விமானங்களைப் பறக்க வைக்கும் நிறுவனத்தை மகனோடு சேர்ந்து நடத்தினார். மகன் 1999இல் அப்படி ஒரு பழைய விமானத்தில்தான் இறந்தார். தகப்பன் அதற்குப் பிறகும் பறந்தார்.

யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஸ்பிட்ஃபயர் தாழ வரும்போது அங்கே கிழவிகள் அழுவார்கள். பயத்தில் இல்லை, பெருமையில். 1940இல் அந்தச் சத்தம் அவர்களுக்குக் காப்பாற்ற வந்த சத்தம். ஜெர்மன் விமானத்தின் சத்தம் வேறு, இது வேறு. அங்கே ஓய்வுபெற்ற தளபதி வித்தை காட்டினால் ஊர் கூடிக் கை தட்டுவது இயல்பு. எங்கள் நிலைமை அப்படி இல்லை. எங்கள் தலைக்கு மேலால் வந்தது எங்கள் வரிப்பணத்தில் வாங்கிய விமானம். எங்கள் அடையாள அட்டையில் இருக்கிற அரசின் சின்னம்தான் அதற்கும் சொந்தம். பயத்தில் ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் முற்றவெளியில் கை தட்டவும் முடியவில்லை, தட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1971 ஏப்ரலில் தெற்கில் சிங்கள இளைஞர்கள் கிளர்ச்சி செய்தபோது, அவர்கள் மேலும் இலங்கை விமானப்படையின் ஜெட் புரோவோஸ்ட் விமானங்கள் தாக்கின. அந்தக் கிராமங்களிலும் மேலே பார்க்கப் பயந்த அம்மம்மாக்கள் இருந்திருப்பார்கள்.

அந்த 1971ஆம் ஆண்டிலேயே, வேறொரு நாட்டில், வானத்தில் வித்தை காட்டிப் புகழ்பெற்ற ஒரு விமானிக்கு ஒரு சோதனை வந்தது. பையனின் கொப்பியைத் திருத்தும்போது எனக்கு நினைவில் வந்தவர் அவர்தான்.

பெயர் முகம்மது ஸபர் மசூத். நண்பர்கள் ‘மிட்டி’ மசூத் என்பார்கள். பிரிவினைக்கு முதல் இந்திய விமானப்படையில் சேர்ந்து, பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் விமானப்படைக்குப் போனவர். 1958 பெப்ரவரி 2ஆம் திகதி, ஆப்கானிஸ்தான் மன்னர் ஸாஹிர் ஷா வந்திருந்த நேரம், கராச்சி மௌரிபூர் தளத்தில் 16 சேபர் ஜெட் விமானங்களை வைர வடிவத்தில் நெருக்கமாக அடுக்கி, அப்படியே வானத்தில் ஒரு முழு வட்டம் அடித்துக் காட்டினார். அக்காலத்தில் அது உலக சாதனை. அவர் அப்போது விங் கமாண்டர், குழுவின் தலைவர்.

பதினாறு விமானம் ஒன்றாகக் குத்துக்கரணம் அடிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். முன்னால் போகிற தலைவர் ஒருவர்தான் வானத்தையும் நிலத்தையும் பார்க்கிறார். மற்ற பதினைந்து பேரும் பார்ப்பது பக்கத்து விமானத்தின் இறக்கை நுனியை மட்டும். தாங்கள் தலைகீழாக இருக்கிறோமா, நிலம் எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பார்த்தால் வரிசை குலையும், மோதிவிடும். வெளி ஓரத்தில் வருகிறவனுக்கு வட்டம் பெரிது. அவன் அதிக தூரம் பறந்தாக வேண்டும். அதனால் தலைவர் தன் இயந்திரத்தின் முழுப் பலத்தையும் பாவிக்கமாட்டார். பின்னால் வருகிறவனுக்குப் பிடித்துவர மிச்சம் வைத்துப் பறப்பார். வெடுக்கென்று இழுக்கவும் மாட்டார். அவர் வெடுக்கென்று இழுத்தால் கடைசி வரிசைக்காரன் வேகமிழந்து விழுந்துவிடுவான். (வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளோடு மட்டும் ஓடுகிற ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லலாம். என்னையும் சேர்த்துத்தான்.)

இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1982 ஜனவரி 18ஆம் திகதி அமெரிக்க விமானப்படையின் ‘தண்டர்பேர்ட்ஸ்’ குழு நெவாடா பாலைவனத்தில் ஒத்திகை பார்த்தது. நான்கு விமானங்கள் வட்டமடித்து இறங்கி வந்தபோது தலைவருடைய விமானத்தின் கட்டுப்பாடு இறுகிவிட்டது. அவரால் மேலே எழ முடியவில்லை. மற்ற மூவருடைய விமானங்களிலும் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர்கள் பயிற்சியில் படித்தபடி தலைவரின் இறக்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நிலத்தில் மோதின. நான்கு பேரும் இறந்தார்கள்.

வித்தை என்று நாங்கள் சும்மா சொல்கிறோம். அதில் விளையாட்டு எதுவுமில்லை. எங்கள் நாட்டிலேயே 2011 மார்ச் 1ஆம் திகதி, விமானப்படையின் 60ஆவது ஆண்டு நிறைவுக் காட்சிக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர் விமானங்கள் மோதி ஓர் இளம் விமானி இறந்தார். 2025 நவம்பர் 21 டுபாய் விமானக் கண்காட்சியில், கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சூலூர் தளத்திலிருந்து போன இந்திய விங் கமாண்டர் நமன்ஷ் சியால், தேஜஸ் விமானத்தோடு விழுந்து இறந்தார். காணொளி எல்லாருடைய கைபேசிக்கும் வந்தது. அதற்குக் கீழே சிரித்துப் பதிவு போட்டவர்களையும் பார்த்தேன், எங்கள் ஆட்களும் இருந்தார்கள். அவருக்கும் வீட்டில் பெற்றோரும் பிள்ளையும் இருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் வெட்கப்பட்டேன் என்பதைப் பதிந்துவிட்டு மசூதுக்குத் திரும்புகிறேன்.

1965 போரில் மசூத் சர்கோதா விமானத்தளத்தின் தளபதி. பாகிஸ்தான் விமானப்படையின் முக்கியமான தளம் அது. அந்தப் போரில் அந்த நாட்டுக்காக வங்காளி விமானிகளும் பறந்தார்கள். சைஃபுல் அஸாம் என்ற வங்காளி விமானி ஓர் இந்திய விமானத்தை வீழ்த்தியதற்காக விருது பெற்றார். மசூதுக்கும் ஹிலாலே ஜுர்அத் விருது கிடைத்தது. ஒருநாள் விமானப்படைத் தளபதியாக வருவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 1970இல் ஏர் கொமடோராக டாக்காவுக்கு, கிழக்குப் பாகிஸ்தானின் விமானப்படைப் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார்.

பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும். தேர்தலில் வங்காளிகளின் கட்சி வென்றது. ஆட்சி கொடுக்கப்படவில்லை. 1971 மார்ச் நடுப்பகுதியில் ஜனாதிபதி யஹ்யா கான் டாக்காவுக்கு வந்தபோது, அதிகாரிகள் கூட்டத்தில் இராணுவ நடவடிக்கை வேண்டாம், அரசியல் தீர்வுதான் வேண்டும் என்று எழுந்து பேசியவர் மசூத் என்று அந்த நாட்டு முன்னாள் அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள். மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவம் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களைச் சுட்டார்கள். தன் விமானங்களைப் பொதுமக்கள் மேல் ஏவ மசூத் உடன்படவில்லை. சில நாட்களில் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. விமானப்படையை விட்டே வெளியேறினார். தளபதி ஆவார் என்று சொல்லப்பட்டவரின் உத்தியோகம் அத்தோடு முடிந்தது. 2003இல் காலமானார்.

அவர் தனியாள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கின் ஆளுநராக இருந்த அட்மிரல் அஹ்ஸான், இராணுவத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஸாஹிப்ஸாதா யாகூப் கான் ஆகியோரும் அந்த நாட்களில் உடன்பட மறுத்துப் பதவியை விட்டவர்கள்தான். ஆனால் மூவரில் மசூதின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உத்தரவுப்படி நெருங்கிப் பறப்பதில் உலகத்துக்கே வித்தை காட்டியவர் அவர். பதினைந்து பேரைத் தன் இறக்கை நுனியை நம்பிப் பின்னால் வரச்செய்தவர். வரிசை குலையாமல் பறப்பது எப்படி என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்தப் படையில் இருந்திருக்க மாட்டார். அவர்தான் இறக்கை நுனியிலிருந்து கண்ணை எடுத்து நிலத்தைப் பார்த்தார்.

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வருடம் இந்தியா தன் வானத்தை மூடியதால், மேற்கிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன விமானங்கள் இலங்கையைச் சுற்றித்தான் போயின. கட்டுநாயக்கவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. பயணிகள் விமானத்தில் சாதாரண உடையில் படையினரும் போகிறார்கள் என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. எங்கள் சமூகத்தில் பெரியவர்கள் பலர் அந்தக் காலத்தில் பாகிஸ்தான் பக்கம்தான். கிரிக்கெட்டிலும் அப்படி, இதிலும் அப்படி. கொல்லப்பட்ட வங்காளிகளில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதுகூடப் பலருக்கு உறைக்கவில்லை.

இந்தக் கதையை ஓய்வறையில் சொன்னபோது மூத்த ஆசிரியர் கேட்டார்: “சரி சேர், அவர் மறுத்து என்ன நடந்தது? இன்னொருத்தன் வந்து செய்தான்தானே?”

உண்மை. அவருக்குப் பிறகு வந்தவர்களின் காலத்தில் விமானங்கள் பறந்தன, தாக்கின. டிசெம்பர் 16 வரை கொலை நிற்கவில்லை. மசூதின் மறுப்பு எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்று கணக்குக் காட்ட என்னால் முடியாது. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வேறொரு நாளை ஞாபகப்படுத்தியது. அதை நான் இதுவரை எழுதியதில்லை.

1990 ஒக்டோபர் 30. இரண்டு மணி நேரத்தில் வெளியேறு என்று ஒலிபெருக்கியில் அறிவித்த நாள். ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் சனத்தைக் கூட்டினார்கள். பிறகு வரிசையில் விட்டுப் பையைச் சோதித்தார்கள். எங்கள் வரிசையில் சோதித்த பையனை எங்கள் காக்காவுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே ரியூசனில் கணக்குப் படித்தவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். உம்மாவின் காதிலிருந்ததைக் கழற்றச் சொல்லும்போது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூத்தம்மா மயங்கி இருந்துவிட்டார். அவன்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். காக்கா கேட்டார், “நீயுமாடா?” அவன் சொன்னது ஒரே வசனம். “மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?”

முப்பத்தைந்து வருடமாக அந்தத் தண்ணீரையும் அந்த வசனத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. இறக்கை நுனியைப் பார்த்துக்கொண்டு வந்தவன். அன்றைக்கு அந்த மைதானத்தில் ஒரே ஒருவன் “இதை நான் செய்யமாட்டேன்” என்று துவக்கைக் கீழே வைத்திருந்தால் வெளியேற்றம் நின்றிருக்காது, நிச்சயமாக நின்றிருக்காது. ஆனால் நான் வளர்ந்த விதம் வேறாக இருந்திருக்கும். புத்தளம் முகாமில் கிடந்த நாட்களில் ஒரு பெயரைச் சொல்லி ‘அவன் ஒருவன் இருந்தான்’ என்று உம்மா எங்களிடம் சொல்லியிருப்பார்.

மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 1995 ஜூலையில் நாங்கள் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். நவாலிச் செய்தி வானொலியில் வந்தது. கொட்டிலுக்கு வெளியே நின்ற ஓர் ஆள், “அனுபவிக்கட்டும்” என்றார். சில பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பதினேழு வயது. நான் தலையாட்டவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. உள்ளே தைத்துக்கொண்டிருந்த வாப்பா மெசினை நிறுத்திவிட்டு வெளியே வந்து, அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “நவாலியில இருந்துதான் எனக்குப் பெருநாள் தையலுக்கு ஆள் வந்தது, இனி இந்த வாசலில அப்படிக் கதைக்காதே” என்றார். அந்த ஆளுக்கு வாப்பா காசு கடன்பட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த வாரமே அவர் கடனைத் திருப்பிக் கேட்டார்.

மசூதின் கதையை முதன்முதலில் வாசித்த நேரம் எனக்கு வாப்பாவின் தையல் மெசின் நின்ற சத்தம்தான் ஞாபகம் வந்தது. ஏர் கொமடோரும் தையற்காரரும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஒருவர் கையில் விமானங்கள் இருந்தன. மற்றவர் கையில் கத்தரிக்கோலும் கடனும்.

இப்போது அந்தத் தாய்க்கு.

தங்கச்சி, உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. அதை யாரும் ‘பழைய கதை’ என்று சொன்னால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். ஒரு காட்சியை எங்கள் ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள், அதே வானத்தால் வந்து செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நான் நினைக்கிறேன். முற்றவெளியில் அன்று ஒரு நிமிட மௌனமாவது இருந்திருந்தால் எங்கள் கைகளும் கொஞ்சம் இலகுவாகத் தட்டியிருக்கும். அடுத்த முறை வருகிறபோது, ஏற்பாட்டுக் கூட்டங்களுக்கு அழைக்கப்படுகிற எங்கள் அதிபர்களும் பள்ளி நிர்வாகத்தவர்களும் கோயில் பரிபாலன சபைக்காரரும் அதைக் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும். பொன்னாடை போர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து முகநூலில் எழுதுவதில் பிரயோசனமில்லை. நானும் போன முறை கேட்கவில்லை.

ஆனால் பிள்ளையின் ஆசையைப் பூட்டி வைக்காதீர்கள். பலாலியிலிருந்து 2019 ஒக்டோபருக்குப் பிறகு சென்னைக்குப் பயணிகள் விமானம் போய் வருகிறது. இன்றைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் மாமா வருகிற சத்தம். அவன் பயணிகள் விமானம் ஓட்டலாம், படையில் சேரலாம், கடைசியில் கச்சேரியில் இலிகிதராகவும் ஆகலாம். எட்டாந் தரம்தானே. படைக்குப் போனாலும் போகட்டும். நாங்கள் யாருமே போகாத இடத்தில், எங்கள் பாட்டிமாரின் பயத்தைத் தெரிந்த ஒருவன் இருப்பது நல்லதா கெட்டதா என்று யோசித்துப் பாருங்கள். நான் நல்லது என்கிறேன். நீங்கள் உடன்படாவிட்டால் அதையும் மதிக்கிறேன்.

அவனுக்கு மசூதின் கதையைச் சொல்லியிருக்கிறேன். கவனமாகக் கேட்டான். முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “சேர், பதினாறு பிளேனும் ஒண்டோட ஒண்டு முட்டேல்லையா?” முட்டவில்லை என்றேன். இரண்டாவது கேள்வி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. “பின்னால வந்த மற்றாக்களும் மறுத்தவையோ?” இல்லை, பெரும்பாலானவர்கள் மறுக்கவில்லை என்றேன். கொப்பியை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய்விட்டான்.

கட்டுரைக்கு 15க்கு 12 போட்டிருக்கிறேன். மூன்று புள்ளி ‘விமாணி’க்குப் போனது. அடுத்த தவணையில் ஏழாந் தரத்துக்கும் அதே தலைப்பைக் கொடுக்கப்போகிறேன். ஆட்சேபணை உள்ள பெற்றோர் வெள்ளிக்கிழமை தவிர்ந்த எந்த நாளும் இடைவேளையில் வாருங்கள், இருந்து கதைப்போம். அந்த அம்மம்மாவும் வர விரும்பினால், ஓட்டோவுக்கு நான் சொல்லி அனுப்புகிறேன்.